கடலோர ஊரில் முயல் கூட்டின் சூட்டைக் குறைக்க வழி என்ன? (கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர், தகரக் கூரை)

கருங்கல்_ஜெபி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் 4 முயல் நிற்கிறது. 2 நியூசிலாந்து வெள்ளை, 2 கலப்பு. பிள்ளைகள் ஆசைக்கு வளர்ப்பது, கறிக்கு இல்லை. அதனால் "சட்டியில் போடு" என்கிற பதில் வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கூடு வீட்டுக்கு மேற்கே, காம்பவுண்டு மதிலோடு சேர்ந்து இருக்கிறது. மேலே தகர ஷீட், உயரம் ஆறரை அடி. உள்ளே கம்பிவலைக் கூண்டு, தரையிலிருந்து இரண்டரை அடி. மதில் பக்கம் தவிர மற்ற பக்கமெல்லாம் திறப்புதான். காலையில் ஒரு குறையும் இல்லை. பதினொன்றரை ஆனால் நாலும் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுகிறது. மூக்கு படபடவென்று அடிக்கிறது, காதைத் தொட்டால் சுடுகிறது, தீனி பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் 5 மணி தாண்டினால்தான் எழுந்து வரும்.

யூடியூபில் ஒருத்தர் ஃபாகர் (தண்ணீரைப் பனி மாதிரி தூவுகிற கருவி) போடச் சொல்கிறார், ஒருத்தர் ஈரச் சாக்கு, ஒருத்தர் ஏர்கூலர். எல்லாம் கோயம்புத்தூர், நாமக்கல் பக்கத்து ஆட்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு எது சரிவரும்? கையில் பெரிய காசு இல்லை.

ஆரல்_காற்று:
ஈரச் சாக்கு போதும் அண்ணே. ஆரல்வாய்மொழியில் நாங்கள் அதுதான் செய்கிறோம். மேற்குப் பக்கம் சணல் சாக்கைத் தொங்கவிட்டு 11 மணிக்கு ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் உள்ளே ஜில்லென்று இருக்கும். செலவே கிடையாது. ரேஷன் கடைச் சாக்கு இருந்தால் இன்னும் நல்லது, கெட்டியாக இருக்கும்.

குளச்சல்_மாறன்:
ஆரல்வாய்மொழியில் சாக்கு காயும் மக்கா. காற்றாலை சுற்றுகிற ஊர் உங்களுடையது. குளச்சலில் காலையில் நனைத்துத் தொங்கவிட்ட சாக்கு சாயங்காலமும் ஈரமாகவே தொங்கும். உள்ளே குளிரவும் இல்லை, காற்றும் போச்சு. மூத்திர நெடி வேறு கண்ணைக் கரிக்கும். ஜெபி, கருங்கலும் கடலுக்குப் பக்கம்தான். சாக்கைத் தொடாதே.

ஆரல்_காற்று:
ஒரே மாவட்டம்தானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

பௌதிக_வாத்தியார்:
வித்தியாசம் இருக்கிறது தம்பி, நல்லாவே இருக்கிறது. தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் ஒரு அளவு வரை இறங்கி நிற்கும். ஈரச் சாக்கோ ஃபாகரோ ஏர்கூலரோ, எதனாலும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. கடலோரத்தில் 33 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த அளவு ஏறத்தாழ 28. அதுவும் முழுசாகக் கிடைக்காது, நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பெரிது. வறண்ட இடத்தில் 36 டிகிரி, 35 சதவீதம் என்றால் ஏறத்தாழ 24 வரை இறங்க வழி உண்டு. வெயில் அங்கே கூட, ஆனால் சாக்கு வேலை செய்யும். கோயம்புத்தூர்க்காரர் சொல்வதும் பொய் இல்லை, அவர் ஊருக்கு அது சரி.

முயலுக்கு 15 முதல் 20 டிகிரிதான் சுகம். 30 தாண்டினாலே திணறும். நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. காதில் ஓடுகிற ரத்தம் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. புழுக்கத்தில் மூச்சு வழியாகப் போவதும் அடைபடும். அந்தக் காற்றில் இன்னும் ஈரத்தை ஏற்றுவது அதன் மூக்கைப் பொத்துவது மாதிரி.

ஜெபி, உங்கள் கூட்டில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? தகரத்துக்கு அடியில், தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள்.

கருங்கல்_ஜெபி:
இப்போதுதான் பார்த்தேன் சார். அடுப்பங்கரையில் நிற்கிற மாதிரி உச்சந்தலையில் அடிக்கிறது. மதிலும் சுடுகிறது.

பௌதிக_வாத்தியார்:
அதுதான் விஷயம். மத்தியான வெயிலில் வெறும் தகரம் 60 டிகிரி தொடும். அது கீழே வீசுகிற வெக்கையில்தான் முயல் வேகிறது. காற்று 33 டிகிரியாக இருந்தாலும் முதுகில் விழுவது வேறு கணக்கு. முதல் செலவு கூரைக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

ஓலைக்கூரை:
நான் பல காலமாகச் சொல்வது இதுதான். தகரத்துக்கு மேலேயே கிடுகு போடுங்கள். தென்னை ஓலையை முடைந்து இரண்டு அடுக்கு வேய்ந்தால் வெயில் தகரத்தில் விழவே விழாது. கீழே கை வைத்துப் பார்த்தால் வெறும் நிழல் சூடுதான் இருக்கும். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் ஓலை முடைய ஆள் இருந்தார்கள், இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நல்ல முடைச்சல் என்றால் ஒரு வருஷம் தாங்கும்.

மார்த்தாண்டம்_பெயிண்டர்:
ஓலை எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். முயல் குட்டி போடுகிற கூட்டில் அது ஆகாது. கூரைக்கு வெள்ளை அடியுங்கள், முடிந்தது. தொழில்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். செலவு மிச்சம் என்று தகரத்தில் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். சுண்ணாம்பு காரம், ஈரமாக இருக்கும்போது தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஒரு கோடை மழையில் பாதி உரிந்தும் போகும். கான்கிரீட்டுக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்பு நல்லது. தகரத்துக்கு வெளிச்சுவர் வெள்ளை எமல்ஷனோ, வெயில் தடுக்கிற கூரை பெயிண்டோ இரண்டு கோட் அடியுங்கள். அதற்கு முன்னால் பாசியையும் தூசியையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காய விட வேண்டும். இல்லையென்றால் பெயிண்ட் தோடு தோடாக வரும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வைத்திருப்பவர்கள் அதைச் சுரண்டவோ உப்புக் காகிதம் போடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

இரணியல்_அக்கா:
சண்டை வேண்டாம், இரண்டும் செய்யலாம். மேலே வெள்ளை, கீழே தட்டி. நாங்கள் தகரத்துக்குக் கீழே பனையோலைப் பாயைக் கம்பில் கட்டி மச்சு மாதிரி விட்டிருக்கிறோம். தகரத்துக்கும் பாய்க்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, இரண்டு ஓரமும் திறப்பு. அந்த இடைவெளியில் சூட்டுக்காற்று ஒரு பக்கம் வழியாக வெளியே போய்விடும். பாயைத் தகரத்தோடு ஒட்டி அடித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எலி குடியேறாமல் அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டும், அது உண்மை.

தீனி நேரத்தை மாற்று ஜெபி. காலையில் வெயில் ஏறும் முன்னே புல்லு, மீதி எல்லாம் சாயங்காலம். பெல்லட் கொடுப்பாய் என்றால் ராத்திரிக்குத் தள்ளு. தின்றது செரிக்கும்போது உடம்பு சூடாகும், அதை உச்சி வெயிலில் கொடுப்பானேன். கல்யாண முருங்கை இலை, அருகம்புல், முயல் மசால் என்கிற தீவனச் செடி எல்லாம் நல்லது. வெயில் என்று இரக்கப்பட்டு வெள்ளரியும் தண்ணீர்ப்பழமும் அள்ளிப் போடாதே, வயிறு கழியும்.

தண்ணீர் எதில் வைக்கிறாய்?

கருங்கல்_ஜெபி:
நிப்பிள் அக்கா. கறுப்பு ஓஸ் வழியாக மேலே டிரம்மிலிருந்து வருகிறது.

இரணியல்_அக்கா:
அந்த ஓஸ் வெயிலில் கிடக்கிறதா? மத்தியானம் நிப்பிளை விரலால் அமுக்கி முதல் சொட்டைக் கையில் பிடித்துப் பார். கொதிக்கும். முயல் ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே வராது. பகலுக்கு மண்சட்டி வை. கவிழ்க்காத மாதிரி அகலமான, கனமான சட்டி. பூச்சு இல்லாத சாதா மண்சட்டி என்றால் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். மத்தியானம் ஒரு தடவை மாற்று. டிரம்மை நிழலுக்கு இழு.

கருங்கல்_ஜெபி:
சொட்டைப் பிடித்துப் பார்த்தேன். குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கிறது. சட்டி வாங்க ஆள் அனுப்பிவிட்டேன் அக்கா.

பௌதிக_வாத்தியார்:
கூரையைப் பற்றி இன்னும் ஒன்று. கூடு கட்டுகிறவர்கள் தெற்குப் பக்கம் மட்டும் இறக்கிவிட்டு வடக்குப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்கு வெறும் 8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், 12 மணி 20 நிமிடம் வாக்கில், ஒரு கம்பை நேராக நட்டால் நிழலே விழாது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சி நேரத்துச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மே மாதத்தில் கம்பின் நிழல் தெற்கே விழுவதை நீங்களே பார்க்கலாம். ஆகவே கோடையில் வடக்கு வாசல் வழியாகத்தான் வெயில் எட்டிப் பார்க்கும். வடக்கே இரண்டடி கூரையை நீட்டுங்கள். மே மாதம் அஸ்தமனமும் நேர் மேற்கு இல்லை, வடமேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். வலை கட்டுகிறவர்கள் வடமேற்கு மூலையை விட்டுவிடக் கூடாது.

குளச்சல்_மாறன்:
சார் சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம கரைக்குக் கடல்காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்துதான் ஏறும். மத்தியானத்துக்கு மேல் வருகிற அந்தக் காற்றுதான் நமக்குக் கிடைத்த ஏசி. ஜெபி கூட்டில் அதே மேற்குப் பக்கத்தில் மதில் நிற்கிறது. கிழக்கே வீடு. அப்புறம் எங்கிருந்து காற்று வரும்?

கருங்கல்_ஜெபி:
மதிலை இடிக்க வீட்டில் விட மாட்டார்கள் அண்ணே. பக்கத்து வீட்டுக்காரரோடு ஏற்கெனவே அந்த மதில் விஷயத்தில் ஒரு கதை உண்டு.

குளச்சல்_மாறன்:
இடிக்க வேண்டாம். கூண்டை மதிலை விட்டு இரண்டடி உள்ளே தள்ளு. பகல் முழுக்க வெயில் குடித்த மதில் ராத்திரி எட்டு ஒன்பது வரை சூட்டைக் கக்கும், கூண்டு அதில் ஒட்டி இருக்கக் கூடாது. கூரையைத் தூக்க முடியுமா? ஆறரை அடி தகரத்துக்குக் காணாது. எட்டு ஒன்பது அடிக்கு ஏற்றினால் மதிலுக்கு மேலே ஒரு திறப்பு கிடைக்கும், காற்று அதன் வழியாக இறங்கும். கூண்டையும் கொஞ்சம் உயர்த்தலாம். மேற்கு வெயிலை மறைக்கப் பச்சை வலை கட்டு, ஆனால் கூட்டோடு ஒட்டிக் கட்டாதே. மதிலில் கம்பு ஊன்றி வெளியே தள்ளிச் சாய்வாகக் கட்டு, வெயில் மறையும், காற்று அடியில் நுழையும். தார்ப்பாய் மட்டும் கட்டிவிடாதே.

ரப்பர்_காடு:
குலசேகரம் பக்கம். எங்களுக்கு இந்தப் பாடு இல்லை, கூடு ரப்பர் மரத்தடியில் நிற்கிறது. ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. ரப்பர் தை, மாசியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தளிர் மூடும் வரை அந்தக் கொஞ்ச நாள் வெயில் நேராக இறங்கும். அதுக்கு மட்டும் வலை வேண்டும். மற்றபடி மரத்தடிக்கு நிகராக ஒன்றும் கிடையாது. ஜெபி, மதிலுக்கும் கூட்டுக்கும் நடுவே இரண்டு வாழை வை. இல்லாவிட்டால் கோவைக்கொடியைக் கூரையில் ஏற்றிவிடு. தகரத்தில் நேராகப் படரவிட்டால் தளிர் கருகும், கயிறு கட்டி அரை அடி தூக்கிப் படரவிட வேண்டும். காயும் கிடைக்கும்.

தோவாளை_பொடியன்:
ஃபேன் போட்டால் போதாதா? ஏன் இவ்வளவு கட்டுமானம்? முயலுக்கு மாளிகை கட்டுகிறீர்களே.

பௌதிக_வாத்தியார்:
போடலாம், ஆனால் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்து போட வேண்டும். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது. நமக்குக் குளிர்வது வியர்வை காய்வதால், முயலுக்கு அந்த வழி இல்லை. தகரத்தடியில் தேங்கிய சூட்டுக்காற்றையே சுழற்றி முகத்தில் அடித்தால் இன்னும் கேடு. கூரையைச் சரிசெய்த பிறகு, நிழல் பக்கத்துத் தரையோரக் காற்றை இழுத்து மறுபக்கம் தள்ளுகிற மாதிரி வைத்தால் நல்ல பலன். முயலின் மேல் நேராக நாள் முழுக்க அடிக்க வேண்டாம். வயரைப் பல் எட்டாத உயரத்தில், குழாய்க்குள் கொண்டுபோங்கள். கரண்டு போகிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள், ஃபேனை நம்பி மூன்று பக்கமும் அடைத்த கூட்டில் அரை மணி நேரம் கரண்டு போனால் போதும்.

ஆரல்_காற்று:
சரி சார், சாக்கு உங்கள் பக்கம் வேண்டாம், ஒத்துக்கொண்டேன். ஐஸ் பாட்டில்?

இரணியல்_அக்கா:
அது எங்கும் ஆகும். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் கட்டியாக்கித் துணி சுற்றி, ஒரு கூண்டுக்கு ஒன்று 12 மணிக்கு வை. அதுவே வந்து விலாவைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். இரண்டு செட் பாட்டில் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்கிற முயல் என்றால் பழைய ஜீன்ஸ் காலில் போட்டுக் கட்டு. கிரானைட் கடையில் உடைந்த துண்டு சும்மா கொடுப்பார்கள், கழுவி ஒரு மூலையில் போட்டால் அதன் மேலும் படுக்கும். காலில் கம்பி உறுத்துவதற்கும் நல்லது.

வெட்_தக்கலை:
கால்நடை மருத்துவர். இழையை முழுக்கப் படித்தேன், யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெபி சொன்ன அறிகுறிகள் சூட்டுத் தாக்கத்தின் ஆரம்பம். அடுத்த கட்டம் வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கும் தாடையும் நனைந்திருப்பது, எழுப்பினால் தள்ளாடுவது. அதற்கும் அடுத்தது வலிப்பு. வாயால் மூச்சு விடுகிற முயலைப் பார்த்தால் உடனே வீட்டுக்குள் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுவாருங்கள். காதின் இரண்டு பக்கமும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்து நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தொட்டியில் முக்கவும் வேண்டாம். ரத்தக் குழாய் சுருங்கினால் உள்ளே இருக்கிற சூடு உள்ளேயே நிற்கும், பயத்திலேயே சாகிற பிராணியும்கூட. மயங்கிக் கிடப்பதற்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும். மனிதர் காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். முயலின் இயல்பான சூடே 38.5 முதல் 40 டிகிரி வரை, அதனால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

பிழைத்து எழுந்தாலும் அன்று முழுக்கப் புழுக்கையைப் பாருங்கள். தின்னாமல், புழுக்கை போடாமல் அரை நாள் கடந்தால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். சூட்டில் தப்பிய முயல் பல நேரம் அதில்தான் போகிறது.

கழியும் முயலுக்குப் பின்பக்கம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைக்கும். தினமும் தூக்கிப் பாருங்கள்.

தோவாளை_பொடியன்:
டாக்டர், கடா முயல் இந்த மாதம் இணை சேர்ந்தும் பெட்டைக்குச் சினை பிடிக்கவில்லை. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

வெட்_தக்கலை:
உண்டு. கடும் சூட்டில் கடாவின் விந்து கெடும், குளிர்ந்த பிறகும் புது விந்து தேற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கடாவை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள், கூட்டிலேயே குளிர்ந்த மூலை அதற்கு. பெட்டைக்குச் சினைக்காலம் 31 நாள், அதனால் ஏப்ரல், மேயில் குட்டி வருகிற மாதிரி சேர்க்காமல் இருப்பதே நல்லது. தாய் ரோமம் பிடுங்கி மூடி வைத்த பெட்டிக்குள் குட்டி வெந்துவிடும். தப்பித் தவறி வந்துவிட்டால் ரோமத்தில் பாதியை எடுத்து வையுங்கள், பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போடுங்கள்.

ரப்பர்_காடு:
மன்னவனூரிலிருந்து ஜோடி வாங்கி வர நினைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மத்திய ஆராய்ச்சி நிலையம் அங்கே கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது, ஸ்வெட்டர் போடுகிற இடம். அங்கே வளர்ந்ததைச் சித்திரையில் இறக்கிக் கொண்டுவந்து தகரக் கூட்டில் விட்டால் அது என்ன செய்யும்? கார்த்திகை, மார்கழியில் கொண்டுவாருங்கள். அங்கோரா மாதிரி நீள ரோமம் உள்ளதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவதே பாவம்.

கருங்கல்_ஜெபி:
எல்லாருக்கும் நன்றி. ஓஸை மாற்றி, கூண்டை மதிலை விட்டு இழுத்தாயிற்று. பனையோலைப் பாயும் கட்டியாயிற்று. பெயிண்ட் அடுத்த வாரம். கூரையைத் தூக்க வெல்டரிடம் பேசியிருக்கிறேன், அவர் நாளை வருகிறேன் என்பது உலகறிந்த நாளை. ஒரு சந்தேகம். தரையில் மத்தியானம் தண்ணீர் ஊற்றலாமா? அம்மா தினமும் ஊற்றச் சொல்கிறார்கள்.

குளச்சல்_மாறன்:
கூண்டுக்கு அடியில் ஊற்றாதே, மூத்திரத்தோடு சேர்ந்து நெடி ஏறும், கொசு வரும், தவளை வரும். தவளை வந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும். கூட்டுக்கு வெளியே மேற்குப் பக்கத்து மண்ணில் ஊற்றச் சொல். வாழை வைக்கப் போகிறாய் அல்லவா, அதுக்கும் ஆச்சு.

மார்த்தாண்டம்_பெயிண்டர்:
கூரையைத் தூக்கும்போது ஜூன் காற்றை மறந்துவிடாதீர்கள். உயரம் கூடினால் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தகரத்தைப் பிடித்துத் தூக்கும். ஜெ போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டு, நாலு மூலைக்கும் கம்பிக் கட்டு கொடுங்கள். மழை பிடித்ததும் அந்தப் பச்சை வலையை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வையுங்கள், நனைந்த வலை பாய்மரம் மாதிரி இழுத்துத் தூணையே சாய்த்துவிடும். சாரல் மேற்கிலிருந்து அடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் தார்ப்பாயை இறக்குங்கள், வெயில் அடித்ததும் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும்.